எண்பத்தேழாம் கேசட்டிலிருந்து ஓர் அழைப்பு மணி

பீளமேடு, கோயம்புத்தூர்
5.7.1999

திரு. தாமஸ் அவர்களுக்கு,

நான் சீனிவாசலு. நூற்புப் பிரிவின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஐந்தாண்டுகளுக்கு முன்பு வரை தங்களோடு ஒரே ஆலையில் பணிபுரிந்தவன். இக்கடிதத்தின் நோக்கம் ஒன்றே: தங்கள் ஆர்மோனிய இசையின் ஒரு பகுதியை என் செல்போனின் அழைப்பு மணியாக அமைத்துக்கொள்ளத் தங்களின் எழுத்துபூர்வமான அனுமதியைக் கோருவது.

சென்ற ஏப்ரலில் ஆலை நிர்வாகம் அதிகாரிகள் ஐவருக்குச் செல்போன் வழங்கியது. என்னுடையது புதிய மாடல். அதில் வழக்கமான மணிகளோடு, நாமே சுரங்களை ஒவ்வொன்றாக விசைகளில் அழுத்தி ஒரு மணியை இயற்றிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஐம்பது சுரம் வரை ஏற்கும். ஐம்பத்தோராவது சுரத்தை எவ்வளவு கெஞ்சினாலும் ஏற்காது. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

என் சேகரிப்பில் இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள் உள்ளன. அவற்றுள் பதினான்கைத் தேர்ந்து, முறைப்படி சோதித்து, தகுதியானது எண் 87, பக்கம் ஆ என்று முடிவு செய்தேன். 1989 ஆயுத பூஜையன்று, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டிருந்த நேரத்தில், தாங்களே இட்டுக்கட்டி வாசித்தது. என் அட்டவணையில் 'தாமஸ், பெயரிடப்படாதது, 4 நிமிடம் 10 விநாடி' என்று பதிவாகியுள்ளது. இரண்டாம் நிமிடத்தில் மாசாணம் மேஸ்திரி இருமுவார். அப்பகுதியைத் தவிர்த்துக்கொள்வேன்.

1994இல் தாங்கள் இந்தக் கேசட்டைக் கேட்டு மாசாணத்தை அனுப்பியபோது, கேசட் என் உடைமை என்று எழுதி அனுப்பினேன். கேசட் என்னுடையதுதான். ஆனால் அதனுள் இருக்கும் இசை தங்களுடையது என்பதை அப்போது நான் தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. எனவேதான் இந்த விண்ணப்பம். அவ்வாண்டு மார்ச்சில் நம்மிடையே நிகழ்ந்த மற்றதை இக்கடிதம் தொடவில்லை.

இப்படிக்கு,
பெ. சீனிவாசலு


உடுமலைப்பேட்டை
12.7.1999

மதிப்பிற்குரிய சீனிவாசலு சாருக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பிரித்தது என் வீட்டுக்காரி அருள்செல்வி. கையெழுத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, அந்த மனுசன் மறுபடியும் மெமோ அனுப்பிப்போட்டாருங்க. அஞ்சு வருசம் கழிச்சு எதுக்குங்க உங்களுக்கு மெமோ?" என்றாள்.

"மெமோ இல்லடி, அனுமதி கேக்கறாரு" என்றேன்.

"அனுமதியா? அவரா? அப்ப பத்திரமா வெச்சுக்கங்க. சட்டம் போட்டு மாட்டலாம்."

சார், நீங்கள் தொடாமல் விட்டதை நான் தொட்டுத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு எழுத்து ஓடாது. பதினாறு வருடம் ஸ்பின்னிங்கில் ஃபிட்டராக இருந்தேன். ஒன்பதாம் ஃபிரேமில் ஒரு பேரிங் முனகுகிறது என்று தோன்றியது. விதிப்படி போட்டிருந்த காதடைப்பானைக் கழற்றினால்தானே முனகல் கேட்கும்? கழற்றினேன். மூன்று நாள் கழற்றினேன், மூன்று நாளும் நீங்கள் வந்து நின்றீர்கள். மூன்றாம் நாள் மெமோ, மூன்று நாள் சஸ்பென்ஷன். நான் வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டாம் நாள் அந்தப் பேரிங் போய்விட்டது, ஃபிரேம் நின்றது. மாசாணம் வந்து சொன்னான். ஒரு வார்த்தை நீங்கள் வந்து சொல்லவில்லை. அதனால்தான் கணக்கை முடித்துக்கொண்டு அருள்செல்வியின் ஊருக்கு வந்துவிட்டேன்.

இப்போது கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆர்மோனியம் பழுது பார்த்துச் சுருதி சேர்த்துக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் பாடற்குழுவுக்கு வாசிக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன்.

அனுமதி கேட்டிருக்கிறீர்கள். தருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. முந்நூறு கேசட்டில் வித்வான்களெல்லாம் இருக்க, என் ஓட்டை ஆர்மோனியம் எதற்கு? கடையில் போன் இருக்கிறது. நம்பர் மேலே இருக்கிறது. ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் போதுமே, தபால்தலை எதற்கு?

தாமஸ்


பீளமேடு
18.7.1999

திரு. தாமஸ் அவர்களுக்கு,

தங்கள் வினாக்களுக்கு வரிசையாக விடையளிக்கிறேன்.

தொலைபேசியில் பேசுவது பொருத்தமல்ல. சுரங்களையும் எண்களையும் வாய்மொழியாகச் சொன்னால் பிழை நேரும். எழுத்தே நிலையானது.

தங்கள் ஆர்மோனியத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் மதிப்பு அன்று, சோதனை. டேப் ரெக்கார்டரை முன்னறையில் வைத்து ஒரே அளவு ஒலியில் ஓடவிட்டு, பின்னறையில் இருபதடி தூரத்தில் அமர்ந்து, தெளிவாகக் கேட்பதைக் குறித்துக்கொண்டேன். புல்லாங்குழல் மூன்றும் தேறவில்லை. மாண்டலின் தேறவில்லை. வயலின் பாதி. தொண்டாமுத்தூர்த் தேர்த்திருவிழாவில் நானே பதிவுசெய்த நாகசுரம் ஓரளவு தேறியது. தங்கள் ஆர்மோனியம் மட்டுமே முதலிலிருந்து கடைசிவரை முழுமையாகக் கேட்டது, மாசாணத்தின் இருமல் உட்பட.

இவ்வளவு சிரமம் எதற்கு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. என் செல்போனின் மணி தரக்குறைவானது. ஏப்ரல் முதல் இன்றுவரை பதினேழு அழைப்புகளை நான் எடுக்கவில்லை. என் மனைவி வெங்கடம்மாள் சமையலறையிலிருந்து ஓடி வந்து, "ஏனுங்க, அந்தப் பெட்டி கத்திக் கத்தி ஓஞ்சே போச்சுங்க. காதுல பஞ்ச வெச்சு அடச்சிருக்கீங்களா?" என்று கேட்கிறாள். சென்ற வாரம் பொது மேலாளர் கண்ணையா என்னை அழைத்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், செல்போனு அலங்காரத்துக்கு இல்லீங்க. ராத்திரி ஷிப்டுல நூலு அறுந்து அறுந்து விழுகுது, உங்களக் கூப்பிட்டா ஆளக் காணோம். செப்டம்பர் முடியறவரைக்கும் பாக்கறனுங்க. அதுக்கப்புறமும் இப்படின்னா ஸ்பின்னிங்குக்கு வேற ஆளப் போட்டுட்டு, நீங்க பஞ்சு கோடௌனப் பாத்துக்கற மாதிரி இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க."

இருபத்தாறு ஆண்டுகள் அந்த நூற்புக் கூடத்தில் நடந்திருக்கிறேன். எந்த ஃபிரேமில் எந்தக் கதிர் முரண்டு பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். பஞ்சுக் கிடங்கில் மூட்டைகளின் நடுவே அமர்ந்திருப்பது எனக்கு உயிர்ப்பிரிவு போன்றது. ஆகவே செப்டம்பர் முப்பதுக்குள் எனக்குக் கேட்கக்கூடிய ஒரு மணி தேவை.

ஒன்பதாம் ஃபிரேமின் பேரிங் பற்றித் தாங்கள் எழுதியது சரி. பழுது அறிக்கையில் கையொப்பமிட்டவன் நானே.

எண் 87இன் மூலக் கேசட்டைத் தனிப் பார்சலில் அனுப்பியுள்ளேன். அது இனித் தங்களுடையது. எனக்காக ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன். செல்போன் கையேட்டில் சுரம் இயற்றும் பக்கத்தின் ஜெராக்ஸை இத்துடன் இணைத்துள்ளேன். 1 முதல் 7 வரை ஏழு சுரங்கள். 8 அழுத்தினால் சுரம் குறுகும், 9 அழுத்தினால் நீளும். 0 மௌனம். நட்சத்திரக் குறி ஸ்தாயியை மாற்றும். எந்த ஐம்பது சுரத்தை எடுப்பது என்பதைத் தாங்களே தீர்மானித்தால் நன்று.

பெ. சீனிவாசலு


உடுமலைப்பேட்டை
27.7.1999

அன்புள்ள சீனிவாசலு சார்,

பார்சல் வந்தது. பிரித்துப் போட்டுக் கேட்டேன். பத்து வருடத்துக்கு முந்தைய என் விரல்கள்! இப்போது அந்த வேகம் இல்லை. அருள்செல்வி மாவாட்டிக்கொண்டிருந்தவள் கையோடு வந்து நின்று கேட்டாள். முடிந்ததும், "இத பத்து வருசமா அவரே வெச்சிருந்தாருங்களா? கெடாம வெச்சிருந்திருக்காரு பாருங்க" என்றாள். அவள் வாயிலிருந்து உங்களைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி தந்தேன். சட்டம் போட்டு மாட்ட வேண்டியது இனி நீங்கள்.

இந்த ஊருக்கு இன்னும் செல்போன் சிக்னல் வரவில்லை. சந்தைக்கு வரும் தேங்காய் வியாபாரி ஒருவர் மட்டும் ஒன்று வைத்திருக்கிறார், பொள்ளாச்சி போனால்தான் அது பேசும், இங்கே சட்டைப்பையில் சும்மா தூங்கும். அதனால் உங்கள் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, ஆர்மோனியக் கட்டையையே செல்போன் விசை என்று எண்ணிக்கொண்டு வேலை பார்த்தேன். கேட்காத கருவிக்கு இசை எழுதுவது எனக்குப் புதுசு. ஆனால் நன்றாக இருந்தது. இரண்டு சாயங்காலம் கடைக்கு வந்தவர்களைக்கூடச் சரியாகக் கவனிக்கவில்லை.

நல்லவேளையாக என் மெட்டில் காந்தாரமும் நிஷாதமும் கிடையாது. ஆகவே 3, 7 இரண்டு விசைகளையும் நீங்கள் தொடவே வேண்டாம். முப்பத்துநான்கு சுரத்தில் முடித்துவிட்டேன். தனித்தாளில் வரிசையாக எண் போட்டிருக்கிறேன். நீங்கள் சுரம் எழுதும் பழக்கப்படியே, சுரம் நீள வேண்டிய இடத்தில் பக்கத்தில் காற்புள்ளி வைத்திருக்கிறேன். ஆரம்பிக்கும் முன்பே நட்சத்திரக் குறியை அழுத்தி மந்தர ஸ்தாயிக்கு இறக்கிவிடுங்கள். என் ஆர்மோனியத்தில் அந்தப் பகுதியை நான் கனத்த கட்டையில்தான் வாசித்திருக்கிறேன், மேலே போனால் அதன் முகமே மாறிவிடும்.

போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒன்று கேட்க வேண்டும்: ஆலையில் மற்ற நான்கு அதிகாரிகளுக்கும் இதே செல்போன்தானா? அவர்களுக்கும் மணி கேட்பதில்லையா?

தாமஸ்


பீளமேடு
4.8.1999

அன்புள்ள தாமஸ் அவர்களுக்கு,

சுரத்தாள் கிடைத்தது. அன்று மாலையே அமர்ந்து, தாளில் உள்ளபடி ஓர் எண்கூடப் பிசகாமல் உள்ளிட்டேன். காற்புள்ளி இருந்த இடங்களில் புதிய சுரம் எதுவும் இல்லை. சுரமில்லாத அட்சரத்துக்கு உரிய விசை 0 என்று கையேடு கூறுகிறது. எனவே ஒவ்வொரு காற்புள்ளிக்கும் 0 அழுத்தினேன். இருமுறை சரிபார்த்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில், தறிக்கு அனுப்பும் நூலின் வலுவை நான் அளந்துகொண்டிருக்கையில், மாசாணம் மேஸ்திரி உள்ளே வந்தார். அப்போது கண்ணையா அழைத்தார். மணி ஒலித்தது. மாசாணம் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"சார், ஆட்டுக்குட்டி எங்கீங்க இருக்குது?"

"ஆடு இல்லை, மேஸ்திரி. அது என் செல்போன்."

"அப்படிங்களா? பாவம், வெட்டறதுக்கு இளுத்துட்டுப் போறாப்பல விட்டு விட்டுக் கத்துதுங்களே."

ஆய்வகத்தில் இருந்த பெண்கள் அனைவரும் சிரித்தனர். ரம்ஜான் பீவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த நூற்கண்டு உருண்டு கதவு வரை போயிற்று. நான் கண்டிக்கவில்லை. உண்மையில் எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணையா மறுமுனையில், "என்னங்க சார், அங்க ஒரே கும்மாளமா இருக்குது?" என்று கேட்டார்.

எனினும் இதைப் பதிவு செய்தாக வேண்டும்: அழைப்பு வந்ததை நானே கேட்டேன். வெங்கடம்மாள் ஓடி வரவில்லை, யாரும் சுட்டிக்காட்டவில்லை. மூன்று மாதத்தில் இதுவே முதல் முறை. ஆட்டுக்குட்டியாயினும் அது கேட்கிறது. இந்த வாரத்தில் வந்த ஆறு அழைப்புகளில் ஐந்தை எடுத்துவிட்டேன்.

இசை மட்டும் தங்கள் இசையாக இல்லை. பிழை எங்கே?

மற்ற அதிகாரிகளின் செல்போன்களும் இதே மாடல்தான். அவர்கள் மணியைப் பற்றிக் குறை எதுவும் கூறியதில்லை. என் கருவி மட்டும் பழுதுள்ளதாக இருக்கலாம்.

பெ. சீனிவாசலு


உடுமலைப்பேட்டை
12.8.1999

அன்புள்ள சார்,

உங்கள் கடிதத்தைக் கடையில் படித்துவிட்டு நான் சிரித்ததில், கேசட் வாங்க வந்தவர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டார். நான் காற்புள்ளி வைத்தது 9 அழுத்தச் சொல்லி. நீங்கள் 0 அழுத்தியிருக்கிறீர்கள். சுரம் நீண்டு கார்வையாக நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் ஆட்டின் கழுத்தை நெரித்திருக்கிறீர்கள். கர்நாடக சங்கீதக் குறியீடு தெரிந்தவரைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. காற்புள்ளி வைத்த நானும் கூட்டுக் குற்றவாளிதான். 0 எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முந்தைய சுரத்தில் ஒரு 9 போடுங்கள். சரியாகிவிடும்.

இனிச் சிரிப்பு இல்லை, சார்.

நான் பேரிங்கின் சத்தத்தை வைத்து அதன் வயிற்றில் என்ன நோய் என்று சொல்கிறவன். உங்கள் மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். புல்லாங்குழல் இருபதடியில் கேட்கவில்லை என்கிறீர்கள். நல்ல குழல் கல்யாண மண்டபத்துக் கூச்சலையே கிழித்துக்கொண்டு வரும். மாண்டலின் கேட்கவில்லை. செல்போனின் சொந்த மணி கீச்சுக்குரல், அது கேட்கவில்லை. வீட்டம்மாவுக்குச் சமையலறையில் கேட்கிறது. மற்ற நாலு அதிகாரிக்கும் கேட்கிறது. என் கனத்த கட்டை கேட்கிறது. மந்தர ஸ்தாயியில் ஆட்டுக்குட்டிகூடக் கேட்கிறது. போனில் பேசவும் நீங்கள் விரும்பவில்லை.

கருவி நன்றாகத்தான் இருக்கிறது, சார். உங்கள் காதில் மேல் ஸ்தாயி போய்விட்டது.

ஸ்பின்னிங்கில் வருடக்கணக்காக நின்றவர்களுக்கு முதலில் போவது அதுதான். சுப்பையன் மேஸ்திரிக்குப் போனது, பாபினிங் பிரிவில் இரண்டு பேருக்குப் போனது. அதற்காகத்தானே காதடைப்பான் வந்தது? எனக்கு மெமோ கொடுத்தீர்களே, நீங்கள் ஒருநாளாவது போட்டுக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போது கேட்கிறேன். ஏன் சார் போடவில்லை?

கோபமாக எழுதவில்லை. எழுத ஆரம்பிக்கும்போது கோபம் இருந்தது, இந்த வரிக்கு வரும்போது இல்லை.

தாமஸ்


பீளமேடு
9.9.1999

அன்புள்ள தாமஸ்,

இந்தக் கடிதம் நான்கு வாரம் தாமதமாக வருகிறது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதல் இரண்டிலும் தங்கள் ஊகம் தவறு என்று தக்க காரணங்களோடு நிறுவியிருந்தேன். காரணங்கள் நன்றாகவே அமைந்திருந்தன. அவை பொய்யாக இருந்தது மட்டுமே குறை.

எனக்குத் தெரியும். இரண்டு ஆண்டுகளாகத் தெரியும். கடிகாரத்தின் துடிப்பு கேட்பதில்லை. மழைக்காலத்தில் தோட்டத்துப் பூச்சிகள் ஒரு வருடம் சட்டென்று ஊமையாகிவிட்டன. தொலைபேசியில் பேசுபவரின் சொற்கள் ஓரம் தேய்ந்து வருகின்றன. வெங்கடம்மாளிடம்கூடச் சொல்லவில்லை. செல்போனைக் குற்றம் சாட்ட எனக்கு வசதியாக இருந்தது.

ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். விதி 14: 'நூற்புக் கூடத்தில் பணிபுரியும் தொழிலாளர்கள் அனைவரும் காதடைப்பான் அணிய வேண்டும்.' வரைந்தவன் நான். தொழிலாளர்கள் என்று எழுதினேன், ஏனெனில் அங்கே எட்டு மணி நேரம் நிற்பவர்கள் அவர்கள். அதிகாரி வந்து போகிறவர். பிறகு, விதி அதிகாரியைச் சொல்லாததால் நான் அணியவில்லை. நான் விதியை மீறவில்லை, தாமஸ். ஒரு நாளும் மீறவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் அணுவளவும் பிசகாமல் விதியின்படி நடந்தே என் செவியைக் கெடுத்துக்கொண்டேன். தாங்கள் விதியை மூன்று நாள் மீறி ஒரு பேரிங்கின் நோயைக் கண்டுபிடித்தீர்கள்.

அந்த மெமோ விதிப்படி சரியானது. இன்றும் அவ்வாறே சொல்வேன். ஆனால் பேரிங் போனபின் தங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் சொன்னது சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. சொல்லாதது என் தவறு. வருந்துகிறேன்.

திருத்திய சுரங்களை உள்ளிட்டேன். இப்போது அது ஆடு அன்று, தங்கள் இசை. கூடத்தின் கண்ணாடி அறையிலிருந்தபடியே கேட்கிறது. செல்போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறது. கடந்த மூன்று வாரத்தில் வந்த அழைப்பு முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் எடுத்தாயிற்று. கண்ணையா நேற்று, "என்னங்க சார், இப்பெல்லாம் மொத மணியிலயே எடுத்துப்போடறீங்க! சங்கடப்படுத்திட்டனுங்களா?" என்றார். பஞ்சுக் கிடங்கு என்ற பேச்சே இல்லை.

இங்கேதான் எனக்கு ஐயம் பிறக்கிறது. விதி 15இன்படி, கேள்திறன் குறைந்தவர் நூற்புக் கூடத்தில் பணியமர்த்தப்படலாகாது. ஆண்டுதோறும் அக்டோபரில் பரிசோதனை. அதிலும் தொழிலாளர்கள் என்றே எழுதியிருக்கிறேன். ஆகவே எனக்குப் பரிசோதனை இல்லை. யாரும் கேட்கப்போவதில்லை. தங்கள் முப்பத்துநான்கு சுரம் என் பதவியைக் காப்பாற்றிவிட்டது. நான் வாய்மூடி இருந்தால் ஓய்வுபெறும் வரை அந்தக் கூடத்தில் நடக்கலாம்.

ஆனால் ஒரு பேரிங் முனகினால் எனக்குக் கேட்காது. பெல்ட் கிழியும் முன் எழும் கீச்சொலி கேட்காது. பக்கத்தில் நிற்பவருக்கு ஏதாவது நேர்ந்தால் நான் அறிய மாட்டேன்.

தங்கள் கருத்தை எழுதுங்கள்.

சீனிவாசலு


உடுமலைப்பேட்டை
16.9.1999

அன்புள்ள சார்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாம் தரம் அருள்செல்விக்குக் கேட்கச் சத்தமாகப் படித்தேன். வருந்துகிறேன் என்ற இடம் வந்ததும் அவள், "இன்னொருக்கா படிங்க" என்றாள். படித்தேன். "செரி, போதுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே பேசினாள்.

"ஏனுங்க, இத்தன வருசம் அவரத் திட்டிப்போட்டோம். அந்த மனுசன் மொறைச்சு மொறைச்சு நின்னதுனாலதான நீங்க காதுல அதப் போட்டுட்டு இருந்தீங்க? மூணு நாள் கழட்டுனீங்க, மீதிப் பதினாறு வருசம் போட்டிருந்தீங்கல்லங்க? இப்ப ஆர்மோனியத்துக்குச் சுருதி சேக்கறீங்களே, அந்தக் காது யாரு குடுத்ததுங்க?"

கையில் இருந்த ஆர்மோனிய ரீடை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு, சார். மேல் ஸ்தாயியில் மயிரிழை பிசகினாலும் எனக்குத் தெரிகிறது. பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. நீங்கள் என்னை அப்படி விரட்டியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.

என் கருத்தைக் கேட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மணி அடிக்கும்படி செய்து கொடுப்பதுதான் நான் ஏற்றுக்கொண்ட வேலை, செய்துவிட்டேன். நீங்கள் அங்கேயே இருந்தாலும் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். கிடங்குக்குப் போனாலும் மதிப்புக் குறைந்து பார்க்க மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த சீனிவாசலு சார், பதில் தெரியாமல் யாரிடமும் கேள்வி கேட்டதில்லை.

ஒன்று மட்டும். அப்படிக் காது போனவர்களில் பாதிப் பேருக்கு மருத்துவர் காதுக் கருவி கொடுத்திருக்கிறார். சுப்பையன் மேஸ்திரிக்கு இப்போது குருவி கத்துவது கேட்கிறதாம். ராத்திரியெல்லாம் பல்லி கத்துவதும் கேட்கிறது, அதுதான் தொந்தரவு என்கிறார்.

தாமஸ்


பீளமேடு
22.9.1999

அன்புள்ள தாமஸ்,

தங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியின் இறுதி வாக்கியம் என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்தது. பிறகு எழுந்து, வெங்கடம்மாளை அழைத்து உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நான் எதிர்பார்த்தபடி அழவில்லை.

"இத எனக்குச் சொல்றதுக்கு ரெண்டு வருசங்களா? நான் ஒண்ணு கேட்டா நீங்க ஒண்ணு சொல்றப்பவே எனக்குத் தெரியுமுங்க. வேணும்னே கேக்காத மாதிரி இருக்கறீங்கன்னு இல்ல நெனச்சுட்டு இருந்தேன்! எத்தன நாள் உங்களோட பேசாம இருந்திருக்கறேன்!"

அவள் என்னோடு பேசாமல் இருந்த நாட்களையும் நான் கவனிக்கவில்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. எல்லா உண்மைகளையும் ஒரே மாலையில் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை.

என் முடிவைத் தெரிவிக்கிறேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்த ஒன்றை இறக்கி வைக்கப்போகிறேன் என்ற நிம்மதிதான் இருக்கிறது. நேற்றிரவு நன்றாக உறங்கினேன்.

இன்று காலை விதி 14க்கும் 15க்கும் திருத்தம் வரைந்தேன். 'தொழிலாளர்கள்' என்ற சொல்லை நீக்கி, 'நூற்புக் கூடத்தினுள் நுழையும் எவரும், பதவி எதுவாயினும்' என்று மாற்றினேன். பொது மேலாளர் கண்ணையாவும் அதில் அடக்கம். அவர் இப்போதைக்கு அதை விரும்ப மாட்டார். முப்பத்தெட்டு வயதுக் காது. ஐம்பது வயதில் எனக்கு நன்றி சொல்வார். ஆர்.எஸ். புரத்தில் உள்ள காது மருத்துவரிடம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அவரது அறிக்கை எதுவாயினும் அன்று மாலைக்குள் திருத்தத்தோடு சேர்த்துக் கண்ணையாவின் மேசையில் வைப்பேன். கிடங்கு என்றால் கிடங்கு. பஞ்சின் ஈரத்தை அளக்க யாரும் அங்கே ஒழுங்கான முறை வைத்திருக்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். அதைச் சீர்செய்யவே இரண்டாண்டு ஆகும்.

பரிசோதனை எப்படி என்று விசாரித்தேன். ஒலி புகாத ஒரு சிறு கண்ணாடி அறையில் உட்கார வைத்து, தலையில் கருவி மாட்டி, வெளியே செவிலியர் ஒருவர் குமிழைத் திருப்பி ஒவ்வொரு சுரமாக அனுப்புவாராம். கேட்டால் விரலை உயர்த்த வேண்டும். குமிழைத் திருப்பும் கை கண்ணாடி வழியே தெரியுமாம். அந்தக் கையைப் பார்த்தே விரலை உயர்த்தித் தேறியவர்களும் உண்டு என்று மாசாணம் மேஸ்திரி எனக்கு இரகசியமாகச் சொன்னார்.

நான் வெள்ளிக்கிழமை அந்த அறைக்குள் போய் உட்காருவேன். கண்களை இறுக மூடிக்கொள்வேன். கேட்கும்போது மட்டும் விரலை உயர்த்துவேன்.

சீனிவாசலு